டான்சில், தலைச்சுற்று, தொலைந்த வாசனை: காது மூக்கு தொண்டை கேள்வி-பதில்

காது, மூக்கு, தொண்டை நோய்கள் பற்றிக் கேட்கலாம் என்று அறிவித்த பின் வந்த கடிதங்கள் பலவும் ஒரே விதமாக முடிகின்றன: "டாக்டர் ஒன்று சொல்கிறார், வீட்டில் வேறொன்று சொல்கிறார்கள், ஆராய்ச்சி என்னதான் சொல்கிறது?" நியாயமான கேள்வி. இம்முறை ஆறு கடிதங்களை எடுத்துக்கொள்கிறேன்.

என் மகனுக்கு ஏழு வயது. மாதம் தவறாமல் தொண்டை வலியும் காய்ச்சலும் வருகின்றன. டான்சிலை எடுத்துவிட வேண்டும் என்கிறார் மருத்துவர். கத்தியே வைக்கக் கூடாது என்கிறார் மாமியார். யார் பேச்சைக் கேட்பது?
*ஒரு தாய், திண்டுக்கல்*

இருவரும் பாதி சரி. எப்படி என்று சொல்வதற்கு முன், மருத்துவர்கள் தங்களைப் பற்றித் தெரிந்துகொண்டு வெட்கப்பட்ட ஒரு பழைய ஆய்வைச் சொல்ல வேண்டும். அமெரிக்கக் குழந்தைகள் நலச் சங்கம் நியூயார்க் நகரில் 1,000 பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிக்கச் செய்து, 1934இல் அதன் முடிவை வெளியிட்டது. அவர்களில் 611 பேருக்கு ஏற்கெனவே டான்சில் எடுக்கப்பட்டிருந்தது. மீதமிருந்த 389 பேரை மருத்துவர்களிடம் அனுப்பினார்கள். 174 பேருக்கு எடுக்க வேண்டும் என்றார்கள். 'தேவையில்லை' என்று விடப்பட்ட 215 பேரை, முன்பு பார்த்ததைச் சொல்லாமல் வேறு மருத்துவர்களிடம் அனுப்பியபோது, அவர்களிலும் 99 பேருக்கு அறுவை பரிந்துரைக்கப்பட்டது. மிச்சமிருந்த 116 பேரை மூன்றாவது முறை அனுப்பியதில் மேலும் 51 பேர். கடைசியில் தப்பியவர்கள் 65 பிள்ளைகள்தாம். ஒவ்வொரு முறையும், எதிரே வந்து நின்ற பிள்ளைகளில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு அறுவை தேவை என்ற கணக்குத்தான் மருத்துவர்களின் மனத்தில் இருந்திருக்கிறது. தொண்டையில் என்ன இருந்தது என்பது அவ்வளவு முக்கியமாக இருந்திருக்கவில்லை.

அந்தக் குழப்பத்தைத் தீர்க்க அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் ஜாக் பாரடைஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகள் உழைத்தார்கள். அவர்களது 1978ஆம் ஆண்டு ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. அடிக்கடி தொண்டை வலி வருகிறது என்று பெற்றோர் சொன்ன, ஆனால் பதிவுச் சீட்டு எதுவும் இல்லாத 65 குழந்தைகளை அவர்கள் உடனே அறுவைக்கு அனுப்பாமல் கண்காணித்தார்கள். பெற்றோர் சொன்ன அளவுக்குத் தொண்டை வலி தொடர்ந்து வந்தது 11 பேருக்குத்தான். பெற்றோர் பொய் சொல்லவில்லை. இரவெல்லாம் விழித்த இரண்டு மூன்று காய்ச்சல்கள் மனத்தில் மாதாமாதம் வந்ததாகப் பதிந்துவிடுகின்றன. தவிர, மிக மோசமான காலத்தில்தான் நாம் மருத்துவரிடம் போகிறோம், மோசமான காலத்துக்குப் பின் வருவது பெரும்பாலும் சற்று நல்ல காலமாகவே இருக்கும்.

இதே குழு 1984இல் வெளியிட்ட ஆய்வில், உண்மையிலேயே கடுமையாகப் பாதிக்கப்பட்ட குழந்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, சிலருக்கு அறுவையும் சிலருக்கு மருந்தும் என ஒப்பிட்டார்கள். ஓர் ஆண்டில் ஏழு முறை, அல்லது தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆண்டுக்கு ஐந்து முறை, அல்லது மூன்று ஆண்டுகள் ஆண்டுக்கு மூன்று முறை என்பதே அவர்கள் வைத்த எல்லை. இன்றும் உலகெங்கும் மருத்துவர்கள் இதைத்தான் அளவுகோலாகக் கொள்கிறார்கள். அறுவை செய்தவர்களுக்கு அடுத்த இரண்டு ஆண்டுகள் தொண்டைத் தொற்று தெளிவாகக் குறைந்தது. ஆனால் அறுவை செய்யாத குழந்தைகளிலும் பலருக்குத் தொற்று குறைந்தே போனது. அந்த ஒப்பீட்டுக் குழு இல்லாதிருந்தால், குறைந்தது முழுவதும் கத்தியின் பெருமை என்றே எழுதியிருப்போம்.

எனவே உங்களுக்கு என் யோசனை: ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் தேதி, காய்ச்சல் எத்தனை டிகிரி, எத்தனை நாள் பள்ளிக்குப் போகவில்லை, மருத்துவர் தொண்டையில் சீழ் பார்த்தாரா, கழுத்தில் நெறி கட்டியதா என்று எழுதி வையுங்கள். மேற்சொன்ன எண்ணிக்கையைத் தொட்டால் மாமியாரைச் சமாதானப்படுத்தலாம். தொடாவிட்டால் மருத்துவரிடம் நோட்டைக் காட்டலாம். ஒரு விதிவிலக்கு உண்டு. பையன் இரவில் குறட்டை விட்டு, இடையிடையே மூச்சு நின்று, திணறி எழுகிறான் என்றால், எத்தனை முறை தொண்டை வலித்தது என்ற கணக்கு அங்கே பொருந்தாது. ஐந்து முதல் ஒன்பது வயதுள்ள 464 குழந்தைகளைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2013இல் வெளியான சோதனையில், டான்சிலையும் மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டு சதையையும் எடுத்த குழந்தைகளில் 79 சதவீதத்தினருக்கு ஏழு மாதத்தில் தூக்கத்தில் மூச்சுவிடுவது இயல்பானது. காத்திருந்தவர்களிலும் 46 சதவீதத்தினருக்கு இயல்பானது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் அறுவை செய்தவர்களிடம் பகல்நேர எரிச்சலும் நடத்தைக் கோளாறுகளும் தெளிவாகக் குறைந்தன.

பெரியவர்களுக்கும் இதே தொல்லை உண்டு என்று கேட்கும் வாசகர்களுக்கு: பிரிட்டனில் 27 மருத்துவமனைகளில் 453 பேரிடம் நடந்த சோதனை 2023இல் வெளியானது. டான்சில் எடுத்தவர்கள் இரண்டு ஆண்டுகளில் தொண்டை வலியோடு கழித்தவை சராசரியாக 23 நாட்கள். எடுக்காதவர்கள் 30 நாட்கள். அறுவைக்குப் பிந்தைய வலியும் அந்த 23இல் அடக்கம். ஏழு நாள் வித்தியாசம் பெரிதா சிறிதா என்பதை அவரவர் வேலையும் விடுப்பும்தான் முடிவு செய்ய வேண்டும்.

வாரம் ஒரு முறை காதில் நல்லெண்ணெய் காய்ச்சி விடுவது எங்கள் வழக்கம். கூடாது என்கிறாள் பேத்தி.
*வாசகி, விருதுநகர்*

பேத்தி சொல்வதைக் கேளுங்கள். காதுக் குழாயின் தோல் நடுவிலிருந்து வெளிப்புறமாக நகர்ந்துகொண்டே வளர்கிறது. 1960களில் செவிப்பறையின் மேல் மைப்புள்ளி வைத்து, அது நகம் வளர்வதைப் போன்ற மெல்லிய வேகத்தில் வெளியே நகர்ந்து வருவதைக் கண்டுபிடித்தார்கள். குறும்பி அந்த நகர்வோடு தானே வெளியேறும். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் நீங்கள் விடும் எண்ணெய் நடுக்காதுக்குள் போகும். ஓட்டை இருப்பது பலருக்குத் தெரியவே தெரியாது. பட்ஸையும் இதே பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கட்டிலில் வலப்பக்கம் திரும்பிப் படுத்தால் அறையே சுழல்கிறது. அரை நிமிடத்தில் நின்றுவிடுகிறது. கழுத்து எலும்புத் தேய்மானம் என்று பட்டை போடச் சொன்னார்கள். மாத்திரையும் ஓராண்டாகச் சாப்பிடுகிறேன். குறையவில்லை.
*ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 63, தஞ்சாவூர்*

ஐயா, நீங்கள் எழுதியிருக்கும் அந்த 'அரை நிமிடம்' என்ற ஒரு சொல்லே நோயைப் பெரும்பாலும் சொல்லிவிடுகிறது. படுக்கும்போது, புரளும்போது, அலமாரியின் மேல்தட்டை அண்ணாந்து பார்க்கும்போது சுற்றி, ஒரு நிமிடத்துக்குள் அடங்கும் தலைச்சுற்றுக்குக் காரணம் கழுத்தல்ல, உள்காது. அறுபது வயதில் யாருக்கு எக்ஸ்ரே எடுத்தாலும் கழுத்தெலும்பில் தேய்மானம் தெரியும். அது அங்கே இருப்பதாலேயே குற்றவாளி ஆகிவிடாது. பித்தம் என்று சொல்லும் பெரியவர்களும், தேய்மானம் என்று சொல்லும் எங்கள் தரப்பினரும் இந்த விஷயத்தில் ஒரே தவற்றைத்தான் செய்கிறோம்.

உள்காதில் நேர்க்கோட்டு அசைவையும் புவியீர்ப்பையும் உணரும் பைகளில் சுண்ணாம்புத் துகள்கள் பதிந்திருக்கின்றன. வயதினாலோ தலையில் பட்ட அடியினாலோ சில துகள்கள் கழன்று, தலை திரும்புவதை உணரும் அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிடுகின்றன. நீங்கள் புரளும்போது அவை குழாயின் நீரில் உருள, நீர் நகர, தலை சுழல்வதாக மூளைக்குப் பொய்த் தகவல் போகிறது. துகள்கள் அடியில் படிந்ததும் சுழற்சி நிற்கிறது. மாத்திரை குமட்டலைக் குறைக்கலாம்; துகளை இடம் மாற்ற அதனால் முடியாது.

இந்தக் கதை நூறாண்டு நீளமுள்ளது. வியன்னாவில் ராபர்ட் பாரனி என்ற மருத்துவர் நோயாளிகளின் காதைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும்போது சிலர் தலை சுற்றுகிறது என்று முறையிட்டார்கள். தண்ணீர் குளிர்ந்திருந்தால் கண்மணி ஒரு பக்கமும், சூடாக இருந்தால் எதிர்ப்பக்கமும் துடிப்பதை அவர் கவனித்தார். சமநிலை உணர்வைச் சோதிக்கும் முறை அதிலிருந்துதான் பிறந்தது. 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார். உங்களுக்கு இருக்கும் வகைத் தலைச்சுற்றை 1921இல் விவரித்தவரும் அவரே. 1952இல் லண்டனில் டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர், நோயாளியைச் சட்டென்று படுக்கவைத்துத் தலையை ஒரு பக்கம் திருப்பிக் கண்ணைப் பார்த்தாலே நோயை உறுதி செய்யலாம் என்று காட்டினார்கள். எந்திரம் எதுவும் வேண்டாத அந்தச் சோதனைதான் இன்றும் நடப்பில் உள்ளது.

சிகிச்சை வந்ததோ அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் தனியாக மருத்துவம் பார்த்துவந்த ஜான் எப்ளியிடமிருந்து. துகள்தானே பிரச்சினை, தலையை வரிசையாகத் திருப்பி வந்த வழியிலேயே அதை உருட்டி வெளியேற்றிவிடலாமே என்று அவர் யோசித்தார். 1980இல் மாநாட்டில் அவர் இதைச் செய்துகாட்டியபோது நம்பியவர்கள் மிகக் குறைவு. கட்டுரையாக அச்சேற 1992 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மருந்தில்லாமல், கத்தியில்லாமல், சில நிமிடத்தில் தீரும் என்றால் அது மோசடியாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் மருத்துவ உலகில் ஆழமாக ஊறியிருந்தது. இந்த நோய் தானாகவும் சில வாரங்களில் அடங்கக்கூடியது என்பதால் அந்தச் சந்தேகத்தில் ஓரளவு நியாயமும் இருந்தது. பின்னர், ஒரு குழுவினருக்கு எப்ளி முறையையும் மற்றொரு குழுவினருக்கு அதைப் போலவே தோன்றும் பயனற்ற அசைவுகளையும் செய்து ஒப்பிட்ட சோதனைகள் அடுத்தடுத்து நடந்து, எப்ளி சொன்னது சரி என்று நிலைநாட்டின.

ஆகவே, காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ நரம்பியல் மருத்துவரிடமோ போய், 'படுக்கவைத்துக் கண்ணைப் பார்க்கும் சோதனை' செய்யுமாறு நேராகவே கேளுங்கள். எந்தக் காது, எந்தக் குழாய் என்று தெரியாமல் வீடியோவைப் பார்த்து நீங்களே செய்வதை நான் ஊக்குவிக்க மாட்டேன். மறுபடி வருவதும் உண்டு. கொரியாவில் 900 பேருக்கு மேல் பங்குகொண்டு 2020இல் வெளியான ஆய்வில், வைட்டமின் டி குறைந்தவர்களுக்கு அதையும் கால்சியத்தையும் கொடுத்தபோது மீண்டும் வருவது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. தலைச்சுற்றோடு பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, கைகால் மரத்துப்போதல், நிற்கவே முடியாத தள்ளாட்டம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் மட்டும் இந்தப் பதிலை மறந்துவிட்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள். அது பக்கவாதமாக இருக்கலாம்.

கோவிட் வந்துபோனபின் வாசனை முழுவதும் திரும்பவில்லை. காபி தீய்ந்த ரப்பர்போல நாறுகிறது. வெங்காயம் வதக்கினால் அடுக்களையில் நிற்க முடியவில்லை.
*இல்லத்தரசி, கோயம்புத்தூர்*

உங்களுக்கு மனப்பிரமை எதுவும் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இப்படி எழுதுபவர்கள் பலர் வீட்டில் கேலிக்கு ஆளானவர்கள். வைரஸ் பெரும்பாலும் மணத்தை உணரும் நரம்பணுக்களை நேரடியாகத் தாக்குவதில்லை, அவற்றைத் தாங்கி நிற்கும் துணை அணுக்களையே தாக்குகிறது என்பது 2020இலேயே தெரிந்தது. துணையிழந்து நலிந்த நரம்பணுக்கள் மீண்டும் முளைத்து வரும்போது சில மட்டுமே வேலைக்குத் திரும்பியிருந்தால், மூளைக்குப் போகும் செய்தி அரைகுறையாகி, மணம் நாற்றமாகத் திரிகிறது. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தினர் காபியின் மணப்பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து முகரவைத்துப் பார்த்ததில், வறுத்த காபிக்கு அதன் மணத்தைக் கொடுக்கும் கந்தகச் சேர்மம் ஒன்றுதான் பலருக்கு இந்த நாற்றத்தைத் தூண்டுகிறது என்று 2022இல் தெரிவித்தார்கள். வெங்காயம், பூண்டு, வறுத்த இறைச்சி ஆகியவையும் இதே குறையைக் கிளப்புபவை.

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹும்மல் 2009இல் வெளியிட்ட 'முகர்தல் பயிற்சி' இன்று பரவலாகப் பரிந்துரைக்கப்படுகிறது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கையும் காலை மாலை இரு வேளையும் 12 வாரம் முகர வேண்டும். நமக்கு இதற்காகக் கடை கடையாக அலைய வேண்டியதில்லை. நான்காவது, நம் நீலகிரித் தைலமேதான். ஒவ்வொன்றையும் சில நொடிகள் முகர்ந்து, அதன் பழைய மணத்தை நினைவுக்குக் கொண்டுவர முயலுங்கள். ஹும்மலின் முதல் ஆய்வு சிறியது, பலன் எல்லோருக்கும் வருவதில்லை, மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். ஆனால் செலவும் பக்கவிளைவும் ஏறக்குறைய இல்லை என்பதால் நான் தயங்காமல் சொல்லும் சிகிச்சை இது. காபியை ஆறவைத்துக் குடித்துப் பாருங்கள், ஆவி குறைந்தால் தொல்லை குறையும். எரிவாயு கசிந்தால் உங்களுக்குத் தெரியாமல் போகலாம், ஆகவே சிலிண்டர் வால்வை இரவில் மூடும் பொறுப்பை வீட்டில் இன்னொருவரிடம் கொடுங்கள்.

என் தங்கையின் குழந்தைக்கு ஒன்றேகால் வயது. இரு காதும் கேட்கவில்லை. காக்ளியர் இம்ப்ளாண்ட் (உள்காதில் பொருத்தும் கேட்புக் கருவி) வைக்கலாம் என்கிறார்கள். சீனாவில் ஒரே ஊசியில் காது கேட்க வைத்துவிட்டார்கள் என்று செய்தி படித்தோம். அதற்குக் காத்திருக்கலாமா?
*வாசகர், சேலம்*

செய்தி உண்மை. ஆனால் அது உங்கள் தங்கையின் குழந்தைக்குப் பொருந்துமா என்பதே கேள்வி. பிறவிக் கேளாமைக்குக் காரணமான மரபணுக்கள் நூற்றுக்கும் மேல். அவற்றில் ஒன்று ஓட்டோஃபெர்லின் என்ற புரதத்துக்கானது. அது பழுதானால் உள்காதின் மயிரணுக்கள் ஒலியை வாங்கிக்கொள்ளும். ஆனால் நரம்புக்குக் கைமாற்றிக் கொடுக்காது. அந்த மரபணுவின் நல்ல படியை வைரஸில் ஏற்றி அனுப்புவதுதான் சிகிச்சை. வைரஸ் சுமக்கக்கூடியது ஏறத்தாழ 4,700 டி.என்.ஏ. எழுத்துகள், மரபணுவோ 6,000 எழுத்து நீளம். எனவே இரண்டாக வெட்டி, இரு வைரஸ்களில் ஏற்றி, அணுவுக்குள் மீண்டும் சேரவைத்தார்கள். ஷாங்காயின் ஃபூடான் பல்கலைக்கழகத்தினர் 2024 ஜனவரியில் வெளியிட்ட முடிவில் ஆறு குழந்தைகளில் ஐந்து பேருக்குக் கேள்வித்திறன் வந்தது. டான்சிலுக்கு ஒப்பீட்டுக் குழு வேண்டும் என்று சொன்னவன் ஆறு குழந்தைகளை நம்பலாமா என்று நீங்கள் கேட்கலாம். தொண்டை வலி தானாகக் குறையும்; முழுப் பிறவிக் கேளாமை தானாகக் குறைந்ததில்லை. அதனால்தான் இந்த ஆறு பேசுகிறது.

இந்த ஒரு மரபணுவால் கேளாமல் பிறப்பவர்கள் சிறு பகுதியினர்தான். மரபணுச் சோதனை செய்துகொள்ளுங்கள், குறிப்பாகப் பெற்றோர் அத்தை மகன், மாமன் மகள் போன்ற நெருங்கிய உறவாக இருந்தால். ஒன்றை மட்டும் எல்லாப் பெற்றோருக்கும் சொல்லிவைக்கிறேன்: ஓட்டோஃபெர்லின் குறையுள்ள குழந்தைகளுக்கு மயிரணுக்கள் வேலை செய்வதால், பிறந்தவுடன் செய்யும், மயிரணுக்களின் எதிரொலியை அளக்கும் ஓ.ஏ.ஈ. சோதனையில் 'தேர்ச்சி' என்றே வரக்கூடும். சத்தத்துக்குத் திரும்பாத குழந்தைக்கு அந்தச் சீட்டை நம்பியிராமல், ஒலி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் 'பெரா' சோதனையும் செய்ய வேண்டும்.

காத்திருக்காதீர்கள் என்பதே என் உறுதியான பதில். 1957இல் பாரிஸில் ஜூர்னோ, எய்ரியே என்ற இருவர் கேள்வி நரம்பில் மின்கம்பி வைத்ததில் தொடங்கி, 1978இல் மெல்போர்னில் கிரேம் கிளார்க் பல மின்முனைகள் கொண்ட கருவியைப் பொருத்தியது வழியாக வளர்ந்த இம்ப்ளாண்ட், இன்று சோதித்துத் தேறிய சிகிச்சை. மூளை மொழியைப் பற்றிக்கொள்ளும் பருவம் முதல் சில ஆண்டுகளே. அது போனால் கருவி ஒலியைக் கொடுக்கும், மொழியைக் கொடுக்காது. தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த அறுவைக்கு வழி உண்டு. அறுவைக்குப்பின் ஓராண்டுக்குக் குறையாமல் பேச்சுப் பயிற்சிக்கு யார் அழைத்துப் போவது என்பதை இப்போதே பேசி வையுங்கள். கருவி வைத்தும் பேச்சு வராத வீடுகளில் நான் கண்டது பெரும்பாலும் அந்தப் பயிற்சி விட்டுப்போனதைத்தான்.

என் மகன் மூக்கில் சதை வளர்ந்திருக்கிறது. அடிக்கடி ரத்தம் வருகிறது. ஊருணியில் குளித்ததால் வந்தது என்று மருத்துவர் சொன்னார். அப்படியும் உண்டா?
*விவசாயி, சிவகங்கை மாவட்டம்*

உண்டு. அதற்கு ரைனோஸ்போரிடியோசிஸ் என்று பெயர். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உலகின் மற்றப் பகுதிகளைவிட மிகுதியாகக் காணப்படுவதால், இதை ஆராயும் கடமை வேறு யாரையும்விட நமக்கே அதிகம். ஸ்ட்ராபெரிப் பழம்போல் சிவந்து, மேலே வெண்புள்ளிகள் தெரியும் சதை என்றால் பெரும்பாலும் இதுதான். அந்த வெண்புள்ளிகள் கிருமியின் வித்துப் பைகள். 1900இல் அர்ஜென்டினாவில் கியேர்மோ சீபர் என்பவர் விவரித்த இந்தக் கிருமியைப் பல காலம் பூஞ்சை என்றே நினைத்திருந்தார்கள். ஆய்வுக்கூடத்தில் இதை வளர்க்க முடியாததால் சந்தேகம் தீரவில்லை. 1999இல் மரபணுவைப் படித்தபின்தான் இது பூஞ்சையல்ல, மீன்களைத் தாக்கும் ஒட்டுண்ணிகளின் உறவு என்று தெரிந்தது. பூஞ்சைக் கொல்லி மருந்துகள் ஏன் பலிக்கவில்லை என்பதும் அப்போது விளங்கியது.

தேங்கிய நீரில் குளிப்பவர்களுக்கும் மாடு குளிப்பாட்டுபவர்களுக்கும் அதிகம் வருகிறது. மூக்கின் உட்தோலில் உள்ள சிறு காயம் வழியாக நுழைவதாகக் கருதப்படுகிறது. ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டாது, ஆகவே பையனைத் தனித்தட்டில் சாப்பிட வைக்க வேண்டாம். சிகிச்சை, சதையை வேரோடு எடுத்து அடிப்பகுதியை மின்சூட்டால் கருக்குவது. அப்படியும் திரும்ப வருவதுண்டு என்பதால் சில மருத்துவர்கள் டாப்சோன் மாத்திரையைச் சில மாதங்கள் தருவார்கள். அதற்கு முன் ஜி6பிடி என்ற நொதி போதுமான அளவு இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தச் சோதனை அவசியம். எடுத்த சதையைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி, அந்த அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள். ஒருவேளை மறுபடி வளர்ந்தால், அடுத்த மருத்துவர் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.